சீசன் நடுவில் சிவப்புப் பெருக்கல் குறி: ஒரு அச்சகத்தில் ஃபிளாட்பேக் அனுமதிகளைச் சீர்செய்த கதை

பின்னணி

கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன டிசைன், அச்சுக் கடை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், ஃப்ளெக்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் வருமானத்தில் பெரிய பங்கு மாம்பழக் கூழ் டின்களுக்கான லேபிள். மே மாதம் தொடங்கி ஜூலை வரை சுற்றுவட்டாரக் கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும். அந்த மூன்று மாதமும் கடைக்கு இரவு பத்து மணிக்கு முன் ஷட்டர் இறங்காது. பெங்களூரா ரகத்துக்கு ஒரு லேபிள், அல்போன்சாவுக்கு ஒன்று, 850 கிராம் டின்னுக்கு ஒரு அளவு, 3.1 கிலோ டின்னுக்கு வேறு அளவு. ஏற்றுமதி என்றால் அரபு எழுத்தும் சேரும்.

கடையில் மூன்று கணினிகள், மூன்றிலும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். நான்கு வருடத்துக்கு முன் உரிமம் இல்லாத மென்பொருளை விட்டுவிடலாம் என்று உரிமையாளர் முடிவெடுத்தபோது மாற்றிக் கொடுத்தவன் நான். வரைய இங்க்ஸ்கேப், பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ், படம் திருத்த கிம்ப். மூன்றையும் ஃபிளாட்பேக் வடிவில்தான் போட்டேன்; லினக்ஸில் மென்பொருளை ஒரே பொதியாகத் தரும் முறை அது. மின்ட்டின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் பழைய பதிப்புகள் இருந்தன. டிசைனர் புதியது கேட்டார். காரணம் அவ்வளவுதான், பாதுகாப்பு அப்போது என் மனதில் இல்லை.

ஃபிளாட்பேக்கில் போட்ட மென்பொருள் ஒரு வேலிக்குள் ஓடுகிறது. அந்த வேலியைப் போடுவது பபுள்ராப் என்ற சின்னக் கருவி. கணினியின் டைரக்டரி (ஃபோல்டர்) மரம் முழுவதையும் காட்டாமல், அனுமதித்த பகுதிகளை மட்டும் பொருத்தி, மென்பொருளுக்கென்று தனி மரம் ஒன்றைக் கட்டித் தருகிறது. எதையெதைப் பொருத்தலாம் என்பதை மென்பொருளைத் தொகுத்தவர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். நாங்கள் பயன்படுத்தும் டிசைன் மென்பொருள்கள் மூன்றுக்கும் அவர் எழுதியிருந்தது ‘ஹோஸ்ட்’. அதாவது ஹோம் (பயனரின் சொந்த ஃபோல்டர்), எம்என்டி, மீடியா, எஸ்ஆர்வி என ஏறக்குறைய எல்லாம் திறந்திருக்கும். யூஎஸ்ஆர், இடிசி, விஏஆர், டெம்ப் போன்ற சில டைரக்டரிகள் மட்டும் ஹோஸ்ட் அனுமதியிலும் சேராது. வேலி என்று பெயர் இருந்தாலும் கேட்டைத் திறந்தே வைத்திருந்தோம். நான்கு வருடம் ஒரு பிரச்சினையும் வரவில்லை. அதனால் நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வேலை ஃபைல்கள் எல்லாம் முதல் கணினியின் இரண்டாவது டிஸ்க்கில். மற்ற இரண்டு கணினிகளும் அதை என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் பகிர்வு மூலம் எடுத்துக்கொள்கின்றன. மூன்றிலும் ஒரே பாதையில்தான் பொருத்தியிருந்தேன். பின்னால் வந்த குழப்பத்தில் எனக்குக் கை கொடுத்த ஒரே முன்யோசனை இதுதான்.

முதல் விபத்து

ஏப்ரல் கடைசி வாரம். ஒரு கல்யாண ஆல்பத்துக்காக நூற்றுக்கணக்கான படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்குச் சிறிதாக்க வேண்டியிருந்தது. கடையில் உதவிக்கு இருந்த பையன், படங்களைக் கூட்டமாகச் சுருக்கும் ஒரு மென்பொருளை மென்பொருள் மேலாளரில் தேடிப் போட்டான். அதுவும் ஃபிளாட்பேக், அதற்கும் ஹோஸ்ட் அனுமதி. ஆல்பம் ஃபோல்டரைத் தேர்வு செய்வதாக நினைத்து அதற்கு ஒரு படி மேலே இருந்த ஃபோல்டரைத் தேர்வு செய்துவிட்டான். ‘மூலப் படத்தின் மீதே எழுது’ என்ற கட்டத்திலும் டிக் இருந்தது.

லேபிள் வேலைக்கு வைத்திருந்த அச்சுத் தரப் படங்களில் ஒரு பகுதி செல்போன் திரை அளவுக்குச் சுருங்கிவிட்டது. பெயர் அதே, இடமும் அதே. அதனால் யாருக்கும் உடனே தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு லேபிளின் சோதனைப் பிரதியில் மாம்பழம் கட்டம் கட்டமாகத் தெரிந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கும் பழக்கம் இருந்தது. பெரும்பாலானவை அதிலிருந்து திரும்பக் கிடைத்தன. நகலுக்குப் பிறகு வந்த மூன்று படங்களை வாடிக்கையாளரிடம் மறுபடி கேட்டு வாங்கினோம். பையனை யாரும் திட்டவில்லை. உரிமையாளர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “ஏன் தம்பி, போட்டோ சுருக்கற சாமானுக்கு லேபிள் ஃபோல்டர்ல என்ன வேலை?”

கேட்டது சரியான கேள்வி. நான் அதற்குச் சொன்ன பதில்தான் தவறு.

நான் போட்ட பூட்டு

அந்த சனிக்கிழமை இரவு மூன்று கணினிகளிலும் உட்கார்ந்து, எந்த ஃபிளாட்பேக் மென்பொருளுக்கும் ஹோஸ்ட், ஹோம் இரண்டும் கிடையாது என்று பொதுவாக ஓர் ஓவர்ரைடு போட்டேன். ஓவர்ரைடு என்பது தொகுத்தவர் எழுதிய அனுமதிகளின் மேல் நம் கணினியில் நாம் எழுதும் திருத்தம். மென்பொருளின் பெயரைக் குறிப்பிடாமல் போட்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

என் கணக்கு எளிமையானது. ஃபைல் வேண்டுமென்றால் போர்ட்டல் இருக்கிறது. பயனர் ஒரு ஃபைலைத் தேர்வு செய்தால், அந்த ஒன்றை மட்டும் வேலிக்குள் நீட்டிக் கொடுக்கும் ஏற்பாடு அது. தேர்வு செய்யும் பெட்டி வேலிக்கு வெளியே ஓடும், மென்பொருளுக்கு மற்ற எதுவும் தெரியாது. படித்தபோது அருமையாக இருந்தது. வீட்டில் பிடிஎஃப் படிக்கவும் கடிதம் எழுதவும் அதுவே போதும் என்பது என் அனுபவம்.

சோதித்துப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். ஒரு படத்தை ஃபைல் மேலாளரில் இரட்டைக் கிளிக் செய்தேன், கிம்ப்பில் திறந்தது. மாற்றிச் சேமித்தேன், சேமித்தது. சரி என்று வீட்டுக்குப் போய்விட்டேன். லேபிள் ஃபைல் ஒன்றைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை

காலை பத்தரைக்கு டிசைனர் போன் செய்தார். “அண்ணா, லேபிள் ஓப்பன் ஆகுது, உள்ள ஒரு படமும் இல்ல. எல்லா இடத்துலயும் சிவப்பு இன்ட்டு மார்க் வருது.”

நான் அப்போது தர்மபுரியில் இன்னொரு வேலையில் இருந்தேன். மதியம் வருகிறேன் என்றேன். அதுவரை அவர் சும்மா இருக்கவில்லை. நல்ல வேலைக்காரர் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். அன்று மாலைக்குள் இரண்டு லேபிள்களின் பிடிஎஃப் ஆலைக்குப் போயாக வேண்டும்.

நான் போய்ப் பார்த்தபோது மூன்று கோளாறுகள் தெரிந்தன.

முதலாவது, படங்கள். லேபிள் ஃபைலுக்குள் படங்களைப் பதித்து வைப்பதில்லை. கனம் கூடும் என்பதால் லிங்க் செய்துதான், அதாவது படம் இருக்கும் பாதையை மட்டும் குறித்துத்தான், வைப்போம். ஃபைல் மேலாளரில் லேபிளை இரட்டைக் கிளிக் செய்தால் போர்ட்டல் அந்த ஒரு ஃபைலை மட்டும் உள்ளே கொடுக்கிறது. அது லிங்க் செய்திருக்கும் படங்கள் பக்கத்து ஃபோல்டரில் இருந்தாலும் வேலிக்குள் வராது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கும் பீரோவை மறைத்து வைத்த மாதிரி. இங்க்ஸ்கேப் தன் கடமையைச் சரியாகவே செய்தது: படம் கிடைக்கவில்லை என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டது.

இரண்டாவது, ஃபைல் மெனுவிலிருந்து திறக்கப் போனால் எல்லாம் காலி. எல்லா மென்பொருளும் தேர்வுப் பெட்டியைப் போர்ட்டலிடம் ஒப்படைப்பதில்லை. சில, பெட்டியைத் தாமே வரைகின்றன. அப்போது எங்களிடம் இருந்த இங்க்ஸ்கேப் பதிப்பு அப்படித்தான் நடந்துகொண்டது. தானே வரைந்தால் வேலிக்குள் தெரிவதை மட்டும்தான் அது காட்ட முடியும். உள்ளே ஒன்றும் இல்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு வேடிக்கையாகவும் வெட்கமாகவும் இருந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவரின் லேபிள், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் செய்தது. அதைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. ஃபிளாட்பேக் நம் கணினியின் எழுத்துருக்களை அனுமதி கேட்காமலே உள்ளே காட்டும், படிக்க மட்டும். பிறகு ஏன் பாமினி காணாமல் போனது? கடையின் எழுத்துருக்கள் எல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. ஹோமில் உள்ள எழுத்துரு ஃபோல்டருக்குள் அதைச் சுட்டும் ஒரு குறுக்குவழி, அதாவது சிம்லிங்க், மட்டும்தான். ஹோஸ்ட் அனுமதி இருந்தவரை சிம்லிங்க் சுட்டிய இடமும் உள்ளே தெரிந்தது. அனுமதி போனதும் சிம்லிங்க் மட்டும் மிஞ்சியது, அது காட்டும் இடம் வேலிக்கு வெளியே போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது. வேறு ஓர் எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

தொலைந்த இரண்டு பிடிஎஃப்

நான் வருவதற்குள் டிசைனர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொரு படத்தையும் ஃபைல் மேலாளரில் வலது கிளிக் செய்து இங்க்ஸ்கேப்பில் திறப்பது, பதிக்கவா லிங்க் செய்யவா என்று அது கேட்டால் வழக்கம்போல் லிங்க் என்பது, அங்கிருந்து காப்பி எடுத்து லேபிளில் ஒட்டுவது. இப்படியே இரண்டு மணி நேரத்தில் இரண்டு லேபிளையும் மறுபடி கட்டிவிட்டார். பிடிஎஃப் ஆகச் சேமிக்கப் போனால் கடையின் ஃபோல்டர் எதுவும் தெரியவில்லை. ஹோம் மட்டும் தெரிந்தது. சரி, அங்கேயே வைப்போம் என்று வைத்தார். சேமித்ததாகத்தான் மென்பொருளும் சொன்னது.

நான் வந்தேன். சூழ்நிலை புரிந்ததும், மாலைக்குள் வேலை போக வேண்டும் என்ற பதற்றத்தில் பொது ஓவர்ரைடை அழித்தேன். பிறகு சொன்னேன்: “மூடிட்டுத் திறங்க, சரியாயிடும்.” அனுமதி மாற்றம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குப் பொருந்தாது; அடுத்த முறை தொடங்கும்போதுதான் பொருந்தும். அதனால் அந்த அறிவுரை சரியானதுதான்.

அவர் மூடினார். இரண்டு பிடிஎஃபும் போய்விட்டன.

ஹோம் அனுமதி இல்லாத மென்பொருளுக்குள் தெரியும் ஹோம், உண்மையான ஹோம் அல்ல. நினைவகத்தில் உண்டாக்கிய தற்காலிக இடம். எழுதினால் எழுதும். மென்பொருளை மூடினால் அதோடு அழிந்துவிடும். மூடுவதற்கு முன் தெரிந்திருந்தால், முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக, ஓடும் மென்பொருள்களைக் காட்டும் ப்ராக் டைரக்டரி வழியே அந்த மென்பொருளின் மரத்துக்குள் எட்டிப் பார்த்து இரண்டையும் வெளியே எடுத்திருக்கலாம். எனக்கு அது தெரியும். ஆனால் அவர் எங்கே சேமித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

லேபிள் ஃபைல்கள் பத்திரமாக இருந்தன, ஏனென்றால் அவை போர்ட்டல் வழியாகத் திறந்து, அதே ஃபைலில் சேமித்தவை. மறுபடி பிடிஎஃப் எடுத்து ஏழு மணிக்கு ஆலைக்கு அனுப்பினார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார், எனக்கு மட்டும் சொல்லவில்லை.

புதன்கிழமை

எல்லாம் பழையபடி திறந்துவிட்டது, இனி நிதானமாக யோசிக்கலாம் என்று இருந்தேன். புதன்கிழமை அச்சு மெஷினை ஒட்டிய மூன்றாவது கணினியில் அதே லேபிள்களைத் திறந்தால் மறுபடி சிவப்புக் குறிகள். ஹோஸ்ட் அனுமதி இருக்கிறது, டிஸ்க்கும் தெரிகிறது, படங்களும் இருக்கின்றன. ஆனால் லேபிளில் மட்டும் இல்லை.

இங்க்ஸ்கேப்பின் ஃபைல் வெறும் எழுத்து ஃபைல்தான். எடிட்டரில் திறந்து லிங்க்குகளைப் பார்த்ததும் புரிந்தது. பாதைகள் இரண்டாவது டிஸ்க்கைக் காட்டவில்லை. ரன் டைரக்டரி, அதற்குள் யூசர், அதற்குள் 1000, அதற்குள் டாக், பிறகு அர்த்தமில்லாத ஓர் எழுத்துக் கோவை, கடைசியில் படத்தின் பெயர். போர்ட்டல் ஒரு ஃபைலை வேலிக்குள் நீட்டும்போது அதற்கு வைக்கும் முகவரி அது. 1000 என்பது அந்தக் கணினியின் பயனர் எண். டிசைனர் லிங்க் என்று சொன்னபோது மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே முகவரி அதுதான், எனவே அதையே ஃபைலில் எழுதி வைத்தது. அவர் கணினியில் அந்த முகவரி செல்லும். பக்கத்துக் கணினியில் அப்படி ஓர் இடமே கிடையாது.

திங்களன்று அவர் தொட்ட ஃபைல்கள் மொத்தம் பதினொன்று. நல்ல வேளையாகப் படத்தின் பெயர் மாறாமல் கடைசியில் இருந்தது. ஒவ்வொன்றையும் நகல் எடுத்து வைத்துவிட்டு, அந்த முகவரிகளை உண்மையான பாதையால் மாற்றினேன். மூன்று கணினியிலும் பாதை ஒன்றே என்பதால் ஒரு தடவை மாற்றியதே எல்லா இடத்திலும் வேலை செய்தது. ஒன்றில் மட்டும் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்களில் படம் இருந்தது. எது சரியானது என்று டிசைனரே சொன்னார்.

போர்ட்டலைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. தனியாக நிற்கும் ஃபைலுக்கு அது நல்ல ஏற்பாடு. லேபிள் ஃபைல் தனியாக நிற்பதல்ல. பத்துப் படத்தையும் நாலு எழுத்துருவையும் இழுத்துக்கொண்டு வருவது. அப்படிப்பட்ட வேலைக்கு ஃபைல் அளவில் அனுமதி கொடுத்தால் ஒத்துவராது, ஃபோல்டர் அளவில்தான் கொடுக்க வேண்டும். அப்படியானால் ஃபோல்டர்களை அதற்கேற்ப அடுக்கியிருக்க வேண்டும். எங்கள் டிஸ்க்கில் அடுக்கே கிடையாது. வாடிக்கையாளர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பென்டிரைவில் வந்ததும் முடிந்த வேலையும் பாதி வேலையும் எல்லாம் கலந்து கிடந்தன.

ஃபோல்டர்களைப் பிரித்தது

அடுத்த ஞாயிறு உரிமையாளர், டிசைனர், நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் கணினியைத் திறக்கவே இல்லை. ஒரு பில் புக்கின் பின்பக்கத்தில் டிசைனர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ஒரு வேலை கடைக்குள் எப்படி வருகிறது, எங்கே தங்குகிறது, எப்போது கை விட்டுப் போகிறது. முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

நான்கு ஃபோல்டர்கள் முடிவாயின. ‘வரவு’: பென்டிரைவ், மின்னஞ்சல், வாட்ஸ்அப் என எங்கிருந்து வந்தாலும் முதலில் இங்கே. ‘நடப்பு’: இப்போது செய்துகொண்டிருக்கும் வேலை. ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர், அதற்கு வேண்டிய படங்கள் எல்லாம் அதற்குள்ளேயே. ‘முடிந்தவை’: அச்சாகிப் போனவை. ‘எழுத்துரு’ நான்காவது.

உரிமையாளருக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. “பழைய லேபிளை எடுத்து வருஷம் மட்டும் மாத்தி அடிக்கறதுதான தம்பி பாதி வேலை, அதைப் பூட்டி வெச்சா எப்படி?” பூட்டவில்லை, படிக்க மட்டும் விடுகிறோம் என்றேன். திறக்கலாம், பார்க்கலாம், வேலை செய்ய வேண்டுமென்றால் ஃபைல் மேலாளரில் நடப்புக்கு நகல் எடுத்துக்கொண்டு செய்யலாம். ஃபைல் மேலாளர் வேலிக்குள் இல்லை, அது எதை வேண்டுமானாலும் நகர்த்தும். போன வருட லேபிளின் மேலேயே இந்த வருட லேபிளைச் சேமித்து, பழையதை இழந்த கதை இரண்டு நடந்திருக்கிறது என்று டிசைனர் எடுத்துக் கொடுத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அனுமதி கொடுத்த விதம்

இம்முறை பொதுவாக எதுவும் போடவில்லை. மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஃபிளாட்சீல் என்ற கருவியில் பெட்டிகளைத் தட்டியே செய்யலாம், கட்டளையிலும் செய்யலாம். நான் ஃபிளாட்சீலில் செய்தேன், உரிமையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு வசதி.

இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிம்ப் மூன்றுக்கும் ஹோஸ்ட்டை நீக்கினேன். நடப்பு, படிக்க எழுத. வரவு, முடிந்தவை, எழுத்துரு மூன்றும் படிக்க மட்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே முதல் கணினியில் விழுந்தேன். குறிப்பிட்ட ஃபோல்டர்களை எல்லாம் கவனமாகச் சேர்த்துவிட்டு, மேலே ஹோஸ்ட் பொத்தானை அணைக்க மறந்துவிட்டேன். அகலமான அனுமதி நிற்கும்போது குறுகிய அனுமதியைச் சேர்ப்பதால் மற்ற இடங்கள் எதுவும் மூடுவதில்லை. திரையில் பார்க்க ஒழுங்காக இருக்கும், வேலி திறந்தே இருக்கும்.

அதனால் ஒவ்வொன்றையும் உள்ளே போய்ச் சோதித்தேன். அந்த மென்பொருளுக்குப் பதிலாக அதே வேலிக்குள் கட்டளை தட்டும் ஒரு ஷெல்லைத் தொடங்கச் சொல்ல ஃபிளாட்பேக்கில் வழி இருக்கிறது. அங்கே நின்று டைரக்டரிகளைப் பட்டியலிட்டால் மென்பொருளின் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அது நமக்கும் தெரியும். முடிந்தவையில் ஒரு வெற்று ஃபைலை உண்டாக்கப் பார்த்தேன், படிக்க மட்டும் என்று மறுத்தது. ஹோமில் உண்டாக்கினால் எதிர்ப்பே இல்லாமல் உண்டானது. வெளியே வந்து பார்த்தால் இல்லை. அதைக் கடையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

சிம்லிங்க்குகளைத் தேடித் தேடி நீக்கினேன். டெஸ்க்டாப்பில் இரண்டு, ஹோமில் ஒன்று. எழுத்துருவில் மட்டும் வைத்தேன், ஏனென்றால் அது சுட்டும் ஃபோல்டரை இப்போது தனியாகவே அனுமதித்திருக்கிறோம். பாமினி திரும்பி வந்தது.

உலாவிக்கு வேறு ஏற்பாடு. அதற்கு ஏற்கெனவே டவுன்லோடு ஃபோல்டருக்கு மட்டும்தான் அனுமதி. அந்த ஃபோல்டர் எது என்பதைப் பயனரின் அமைப்பு ஃபைலில் இருந்துதான் ஃபிளாட்பேக் எடுத்துக்கொள்கிறது. எனவே டவுன்லோடு ஃபோல்டரையே வரவு என்று மாற்றினேன். அனுமதியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் படம் நேராக வரவில் விழுகிறது.

படம் சுருக்கும் மென்பொருளுக்கு, நடப்புக்குள் ‘சிறிது’ என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதை மட்டும் கொடுத்தேன். சுருக்க வேண்டியவற்றை அங்கே நகல் எடுத்துப் போட வேண்டும். பையன் ஒரு நாள் முணுமுணுத்தான், பிறகு பழகிவிட்டான்.

ஹோமை யாருக்கும் கொடுக்காமல் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹோமில் எழுத முடிகிற மென்பொருள், ஷெல்லின் தொடக்க ஃபைலில் ஒரு வரி சேர்த்துவிட்டால், அடுத்த முறை டெர்மினல் திறக்கும்போது அந்த வரி வேலிக்கு வெளியே ஓடும். கடைக்கு அப்படி ஒன்று நடக்கவில்லை. ஆனால் ஊரில் உள்ள எல்லாருடைய பென்டிரைவும் வந்து போகும் இடம் அது.

ஓவர்ரைடுகள் ஹோமுக்குள், மென்பொருளுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன எழுத்து ஃபைல்களாக இருக்கும். முதல் கணினியில் சரிபார்த்துவிட்டு அவற்றை அப்படியே மற்ற இரண்டுக்கும் நகல் எடுத்தேன். அங்கே ஒரு சின்னத் தடங்கல்: மூன்றாவது கணினியில் நடப்பு ஃபோல்டரில் எழுத முடியவில்லை. அரை மணி நேரம் அனுமதிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அது ஃபிளாட்பேக் விஷயமே அல்ல. அங்கே பயனர் எண் வேறு; லினக்ஸின் சாதாரண உரிமையே அந்தப் பயனரைத் தடுத்தது. வேலிக்குள் வழி விட்டாலும் ஃபைலின் சொந்தக்காரர் விட வேண்டும். மூன்று பயனர்களையும் ஒரே குழுவில் போட்டு, நடப்பில் புதிதாக வருவதெல்லாம் அந்தக் குழுவுக்கே சேரும்படி செய்ததும் சரியாயிற்று.

பிறகு நடந்தவை

சீசன் முழுவதும் இந்த அமைப்பிலேயே ஓடியது. முதல் வாரம் தினமும் போன் வந்தது. பெரும்பாலும் ஒரே கேள்வி: “இது எங்க சேவ் ஆச்சு?” ஹோமில் சேமித்துவிடும் பழக்கம் போக நாளானது. திரை ஓரத்தில் ‘நடப்பில் சேமி’ என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள். ஜூன் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலை நடப்பு ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது என்று பதறிக் கூப்பிட்டார்கள். முதல் கணினியை இயக்குவதற்கு முன் மற்ற கணினியில் இங்க்ஸ்கேப்பைத் திறந்திருக்கிறார்கள். டிஸ்க் இன்னும் பொருந்தவில்லை. முதல் கணினியைப் போட்டு, டிஸ்க்கைப் பொருத்தி, இங்க்ஸ்கேப்பை மூடித் திறந்ததும் வந்தது. இது அனுமதியின் பிழை இல்லை. ஆனாலும் இப்போது எது நடந்தாலும் “நீங்க போட்ட பூட்டுதான்” என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.

ஜூலையில் பையன் மறுபடி ஒரு தவறு செய்தான். படம் சுருக்கும் மென்பொருளில் ‘சிறிது’ ஃபோல்டர் முழுவதையும் தேர்வு செய்து, மூலத்தின் மீதே எழுத வைத்துவிட்டான். எல்லாம் நகல்கள். அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

பூட்டுப் போடுவதற்கு முன் ஃபோல்டர்களைப் பிரித்திருப்பேன். அதுவும் சீசனுக்கு முன், பிப்ரவரியில். மே மாதத்தில் கூழ் லேபிள் அடிக்கும் கடையில் கை வைத்ததே தவறு.

தனிப் படம் ஒன்றை வைத்துச் சோதித்ததற்குப் பதிலாக, லிங்க்கும் பழைய எழுத்துருவும் கொண்ட, கடையின் மிகச் சிக்கலான லேபிள் ஒன்றை எடுத்துச் சோதித்திருப்பேன். எது அது என்று டிசைனரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் காட்டியிருப்பார். மாற்றம் செய்த முதல் நாள் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றை இன்னும் செய்யவில்லை. வரவு ஃபோல்டரில் வரும் ஃபைலை நடப்புக்கு நகர்த்துவது இப்போதும் கையால்தான் நடக்கிறது; சில நாள் மறந்து, வரவில் இருக்கும் படத்தையே லிங்க் செய்துவிடுகிறார்கள். படிக்க அனுமதி இருப்பதால் வேலை செய்கிறது, ஆனால் மாதக் கடைசியில் வரவைச் சுத்தம் செய்யும்போது சிவப்புக் குறி வந்துவிடும். டிசைன் மென்பொருள்களுக்கு வரவை முழுவதுமாக எடுத்துவிடலாமா என்று சீசன் நடுவிலேயே டிசைனரிடம் கேட்டேன். சீசன் முடியட்டும் அண்ணா என்றார்.